மொய்ப்பால்

புளித்த ரப்பர் பாலின் வாடை நேராகத் தொண்டையில்தான் இறங்கும். பேசுகிறவர் நடுவில் ஒருமுறையாவது செருமிக்கொள்ளாமல் பேச முடியாது. அந்த வாடைக்குள், எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோரில், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பகல் பதினோரு மணிக்கு இருந்தவர்கள் இவர்கள்: என் அம்மா லெட்சுமி, அடுத்த வீட்டு ராக்காயி அக்கா, அவர்களோடு மரம் வெட்டப் போகும், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகும், இன்னும் ஒன்பது பெண்கள், வெற்றிலை மென்றபடி எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையா, பள்ளி இல்லாத நாள் என்பதால் அம்மாவோடு காட்டுக்குப் போய்விட்டு வந்த நான், எங்களுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த டாக்டர் அஞ்சலை. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. லாரியோடு பட்டர்வொர்த்துக்குப் போனவர், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். இன்னொருவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார். அன்றைக்கென்று பார்த்து அவருக்குக் கடைவாய்ப்பல் வலித்து, அதைப் பிடுங்கிக்கொள்ளப் பாலிங் டவுனுக்குப் போயிருந்தார். தோட்டத்தில் ஆங்கிலமும் புத்தகத் தமிழும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். டாக்டர் அன்று சொன்ன ஒரு சொல்லை அவர் கேட்டிருந்தால், "அடியே, அது வேற இது வேற" என்று எங்கள் பெண்களைத் திருத்தியிருப்பார்; நான் இதை எழுதவேண்டிய அவசியமும் வந்திருக்காது.

அந்தச் சொல்லுக்கு முன்னால் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்காக ஓயாமல் வெட்டிக்கொண்டே வந்தால் சில ரப்பர் மரங்கள் பால் தருவதை நிறுத்திவிடும். இலை பச்சையாகத்தான் இருக்கும், காற்றுக்கு ஆடத்தான் செய்யும்; உளி பட்ட இடம் மட்டும் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். தோட்டத்தில் அதற்கு "மலட்டு மரம்" என்று பேர். டாக்டர் அஞ்சலைக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது. "மலடுமில்ல கிலடுமில்ல. அலுத்துப் போச்சு, அவ்வளவுதான். நீங்க அலுத்துப் போனா போய்ப் படுக்குறீங்கல்ல? அதுக்குப் படுக்க வழியில்ல," என்பார். அலுப்பு என்றால் ஓய்வு கொடுத்தால் தீரவேண்டும் என்பது அவர் எண்ணம். அதைப் பார்ப்பதற்காக எங்கள் நாலாம் நம்பர் காட்டில் எண்பது மலட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்து, நாற்பதுக்கு வெள்ளை வளையமும் நாற்பதுக்கு நீல வளையமும் பூச வைத்திருந்தார். நீல மரங்களை வழக்கம்போல் வெட்டினார்கள். வெள்ளை மரங்களை ஒரு வருடம் முழுக்க யாரும் தொடவில்லை. அந்த ஒரு வருடம் முடிந்து, இனி இரண்டு வகையையும் வெட்டி, ஒவ்வொரு மரத்து மங்கிலும், அதாவது மரத்தில் கட்டித் தொங்கும் கிண்ணத்திலும், எவ்வளவு பால் இறங்குகிறது என்று குறித்து வரவேண்டும் என்று சொல்லத்தான் அன்று வந்திருந்தார்.

"இதுதான் நான் வேலைய விட்டுப் போறதுக்கு முன்னாடி செய்யிற கடைசி சோதனை," என்றார். "எனக்கு இன்னும் நாலு வருசம்தான் இருக்கு. வெள்ள மரம் பால் கொடுத்துச்சுன்னா நான் சொன்னது சரி. கொடுக்கலன்னா என் கட்சி தோத்துச்சு. எதுவா இருந்தாலும் மங்குல உள்ளத உள்ளபடி குறிக்கணும். லெட்சுமி குறிக்கட்டும்."

சோதனை. அதுதான் அந்தச் சொல். எங்கள் நாட்டுத் தமிழ்ப்பள்ளியில் கால் வைத்த எவருக்கும் பரீட்சைக்கு வேறு பேர் தெரியாது; மாதச் சோதனை, அரையாண்டுச் சோதனை, ஆறாம் வகுப்பு முடிவில் அரசாங்கச் சோதனை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றை எழுதப்போகும் முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றுபோனவர். அப்பா பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டியவரே இல்லை. அடுத்த வருடம் எனக்கு அரசாங்கச் சோதனை என்பதால், வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தப் பேச்சு வந்துவிடும். "சோதன வருது, டீவிய அடை." "சோதன வருது, அந்த முட்டைய அவனுக்கு வையி." "சோதன வருது, மழையில நனையாத." எனக்கே அலுத்துப் போயிருந்தது. ஆகவே ஸ்டோரை விட்டு வெளியே வந்ததும் அம்மா ராக்காயி அக்காவிடம் கேட்டதில் எனக்கும் அன்று ஒரு வியப்பும் ஏற்படவில்லை.

"இந்த வயசுலயும் அந்தம்மாவ சோதன எழுதச் சொல்றானுங்களே, என்ன மனுசனுங்கடி இவனுங்க?"

"பெரிய படிப்புல்ல? எழுத வேணாம்போல. மரம் பால் கொடுத்தா பாஸு, கொடுக்கலன்னா ஃபெயிலு," என்றார் ராக்காயி அக்கா.

டாக்டர் அஞ்சலை மேலே எங்கள் பெண்களுக்கு இருந்த பற்று ஒரு நாளில் வந்ததல்ல. முதல்முறை அவர் காடி, அதாவது கார், தோட்டத்துக்குள் வந்தபோது, டாக்டர் என்று கேள்விப்பட்டு, காய்ச்சல் பிள்ளைகளையும் வீங்கிய காலையும் கொண்டுபோய் அவர்முன் நிறுத்தியிருக்கிறார்கள். "நான் மரத்து டாக்டரும்மா" என்று அவர் சொன்னதும் மண்டோர் சின்னையா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் ஆகிவிட்டதாம். அதுமுதல் அவர் "மரத்து டாக்டரம்மா". அவரும் தோட்டத்துப் பெண்தான் என்பது மெல்லத்தான் தெரிய வந்தது. பாலிங்குக்கு அந்தப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பள்ளி விடுமுறையில் அவரும் மரம் வெட்டியிருக்கிறார். இடது கட்டைவிரலில் உளி கிழித்த தழும்பு ஒன்று உண்டு. அதை ராக்காயி அக்கா தன் விரல் தழும்போடு சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு, "என்னோடதுதான் பெருசு" என்று சொன்னாராம்.

மேல்வகுப்புப் படிக்க அலோர் ஸ்டாருக்குப் போனபோது தூரத்துச் சொந்தக்காரரின் மளிகைக் கடை ஸ்டோர் அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்திருக்கிறார். பள்ளிச் சீருடையில் வெங்காய வாடை போகவே போகாது. கூடப் படித்த பிள்ளைகள் வெங்காயத்தை மலாயில் சொல்லி "பாவாங், பாவாங்" என்றுதான் கூப்பிடுவார்களாம். பட்டம் வாங்கி ரப்பர் ஆராய்ச்சி அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள், காட்டு வேலைப் பிரிவுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள் என்பதை நம்பாமல் அவரைத் தட்டச்சு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் காட்டுக்குப் போகவேண்டும், எனக்குப் பூட்ஸ் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இருந்ததிலேயே சிறியது ஆண்களுக்கான ஏழாம் அளவு. முன்னால் பழைய பத்திரிகையைத் திணித்துத் திணித்து நாலு வருடம் அதிலேயே நடந்ததாக, மங்கில் பால் சொட்டுவதற்குக் காத்திருந்த ஒரு காலைப்பொழுதில் அம்மாவிடம் சொன்னார். காட்டில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கூட வருகிற எட்டு ஆண்களுக்கு முன் எங்கே போய் ஒதுங்குவது என்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, பின்னால் சிறுநீரகத்தில் கல் வந்து இரண்டு முறை அறுவைச் சிகிச்சை. அவர் வேலை கற்றுக்கொடுத்த உதவியாளர்களில் இரண்டு பேர் பின்னாளில் அவருக்கே மேலதிகாரி ஆனார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லமாட்டார். கால் வலியைச் சொல்கிற மாதிரிச் சொல்வார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ராக்காயி அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். "வந்தவன் எல்லாம் வேலைய விடுவியான்னு கேட்டான் அக்கா. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போச்சு," என்றாராம்.

எங்கள் தோட்டத்தில் அவர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வியாழக்கிழமை மத்தியான வகுப்பு. ஆயாக் கொட்டகையில், தொட்டில்களுக்கு நடுவே, பதினோரு பெண்களுக்கும் எண் எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுத்து வேண்டாம், எண் போதும் என்றுதான் தொடங்கினார். மரத்து எண், கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பால் நிற்கிற கோட்டின் எண், தேதி. ஆறு மாதத்தில் அம்மா ஒரு தாள் நிறைய எண் எழுதுகிற ஆளாகிவிட்டார். அம்மாவின் ஏழு மட்டும் உளி மாதிரியே இருக்கும். படிக்காத பெண்களின் குறிப்பை வைத்து ஆராய்ச்சி செய்வதா என்று அலுவலகத்தில் கேலி செய்திருக்கிறார்கள். மரத்தை நாள்தோறும் தொடுகிறவள் குறிக்காமல் யார் குறிப்பது என்று சண்டை போட்டு அனுமதி வாங்கி வந்திருந்தார் டாக்டர். வெள்ளை மரமும் நீல மரமும் வெறும் மரப் பிரச்சினை அல்ல, அந்தச் சண்டையும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

வெட்டத் தொடங்கிய முதல் மாதம் வெள்ளை மரங்கள் ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. நாலைந்து மரத்தில் மங்கின் அடி நனைந்தது. மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தது. அம்மா தாள் நிறைய சுழியம் போட்டுக்கொண்டு வந்தார். ஒருநாள் நிறுவைக்குக் காத்திருந்தபோது மண்டோர் சின்னையா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "மலட்டு மரத்துக்கு வைத்தியம் பாக்க வந்ததும் அப்படித்தான், மரமும் அப்படித்தான்," என்றார். சிரிக்க வைக்கச் சொன்ன பேச்சுதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "வாயக் கழுவு மண்டோரு. ஒம் பொண்டாட்டி புள்ள பெத்தது ஒந்திறமன்னு நெனைக்காத," என்று ராக்காயி அக்கா போட்ட போட்டில் அவர் எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் ராக்காயி அக்கா அதைச் சொன்னார். "நம்ம பொண்ணு. கல்யாணம் பண்ணியிருந்தா நாமெல்லாம் போயி மொய் வச்சிருப்பமா மாட்டமா? அதுக்குத்தான் நமக்குக் கொடுத்து வைக்கல. இதுக்காவது வைப்போம்லா."

மறுநாள் காலையிலிருந்து அது தொடங்கியது. வெள்ளை மரங்களை நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெட்டவேண்டும். அந்த நாளில் பதினோரு பேரும் தங்கள் வாளியிலிருந்து ஆளுக்கொரு குவளைப் பாலை அம்மாவிடம் கொடுப்பார்கள். அவர்கள் கூலியே வாளியின் எடைக்குத்தான். கொடுத்தது அவரவர் உழைப்பிலிருந்துதான். "இந்தா, என் மொய்யி." "போன தடவ நான் கொடுக்கல, இன்னிக்கு ரெண்டு எழுதிக்க." அந்தப் பாலை அம்மா வெள்ளை மரத்து மங்குகளில் ஊற்றிவிட்டு, பிறகு வரிசையாகப் போய் ஒவ்வொன்றையும் அளந்து, அளந்ததைத் துல்லியமாகக் குறிப்பார். மங்கில் உள்ளதை உள்ளபடி.

பள்ளி இல்லாத நாட்களில் நானும் ஊற்றினேன், பால் டின் ஒன்றை வைத்துக்கொண்டு. இங்கேதான் என்னைப் பற்றிச் சொல்லவேண்டியது வருகிறது. இரண்டாவது வாரம் அம்மாவின் தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பது மரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் கணக்குச் சோதனையில் ஒரே விடையை, ஒரே தப்போடு எழுதி வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியது அப்போதுதான் நடந்திருந்தது. "இப்பிடியெல்லாம் ஊத்துனா ஒடனே கண்டுபிடிச்சிருவாங்கம்மா," என்றேன். ஒரு மரத்துக்கு நிறைய, பக்கத்து மரத்துக்குக் கொஞ்சம். மழை பெய்த நாளில் எல்லாவற்றுக்கும் குறைவு. ஐந்தாறு மரத்துக்கு ஒன்றுமே இல்லை. அவை கடைசிவரை மலடாகவே இருக்கட்டும். முதல் மாதம் இரண்டு விரல் அளவு என்றால் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். ஊற்றுவதற்கு முன் வெட்டிய கோட்டின்மேல் ஒரு சொட்டு விட்டு வழியவிடவேண்டும், அப்போதுதான் மரமே தந்த மாதிரிக் கோட்டில் பால் படிந்து காயும். இவ்வளவையும் சொன்னது நான். அம்மா ராக்காயி அக்காவிடம், "பள்ளிக்கூடம் போற புள்ள மூளையப் பாத்தியா," என்று பூரித்துப் போனார். அதற்குப் பிறகு எந்த மரத்துக்கு எவ்வளவு என்பதை நான்தான் சொல்லி அனுப்பினேன். ஒன்றரை வருடம்.

டாக்டர் மாதம் ஒருமுறை அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கிலிருந்து காடியோட்டி வருவார். மரம் மரமாகப் பார்ப்பார், வெட்டிய கோட்டைத் தொட்டுப் பார்ப்பார், தாள்களை வாங்கிக்கொண்டு போவார். சந்தேகப்படத் தெரியாதவர் அல்ல. தொடக்கத்தில் அம்மாவின் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருநாள் தன்னோடு வந்த அலுவலக ஆளிடம் அந்தத் தாளைக் காட்டி, "பொய்க் கணக்கு எழுதறவங்க எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதுவாங்க. இது பாருங்க, ஏறுது, எறங்குது, மழைக்குக் கொறையுது. இது மரம் எழுதுன கணக்கு," என்றார். பக்கத்தில் வாளியோடு நின்ற எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அந்த நவம்பரில் என் அரசாங்கச் சோதனை முடிவு வந்தது. நான் நல்ல புள்ளிகள் பெற்றிருந்தேன். அதே வாரம் டாக்டர் அஞ்சலை அலோர் ஸ்டாரிலிருந்து இரண்டு பெட்டி லட்டோடு ஸ்டோருக்கு வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பூட்ஸைக்கூடப் போட மறந்து செருப்போடு வந்திருந்தார்.

"நாப்பதுல முப்பத்து நாலு மரம் பால் கொடுத்திருக்கு. போன வாரம் பெரிய கூட்டத்துல சொல்லிட்டேன். இந்த வேலையச் செஞ்சது தோட்டத்துப் பொம்பளைங்கன்னும் சொல்லிட்டேன்."

"அப்ப பாஸாயிட்டீங்க!" என்றார் ராக்காயி அக்கா.

"ஆமா அக்கா, பாஸாயிட்டேன்," என்று அவரும் சிரித்தார்.

"எம் மவனும் பாஸு, நீங்களும் பாஸு," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராக்காயி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சும்மாவா பாஸானீங்க? பதினோரு பேரு மொய் வச்சோம்லா! எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு லட்டு வேணும்."

"என்ன மொய்?"

"பால்மொய்தான். வெள்ள மரத்துக்கெல்லாம் நாங்கதானே ஊத்துனோம்."

நிறுவைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த கிராணியார் பேனாவை மூடினார். அன்று அவர் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று எனக்கு முதலில் தெரிந்தது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் எத்தனை குவளை கொடுத்தேன் என்று சொல்ல முந்தினாள். டாக்டர் லட்டுப் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"எந்த மாசத்துலேர்ந்து?"

"ரெண்டாம் மாசத்துலேர்ந்தேம்மா," என்றார் அம்மா. அதற்குள் அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. "சோதனல நீங்க தோத்துறக் கூடாதுன்னு…"

"தானா கொடுத்த மரம் ஒண்ணுகூட இல்லியா, லெட்சுமி?"

"ஏன் இல்ல? பத்துப் பன்னண்டு மரம் தானா கொடுத்துச்சு. கடசில நல்லாவே கொடுத்துச்சும்மா."

"எது எது?"

அம்மா விழித்தார். "ஊத்துற அவசரத்துல யாரும்மா அதப் பாத்தா?"

டாக்டரின் எண்ணம் சரியாகவே இருந்திருக்கலாம். மரம் அலுப்புத் தீர்ந்து உண்மையாகவே பால் தந்திருக்கலாம். அந்தப் பாலின்மேல் நாங்கள் எங்கள் பாலை ஊற்றியிருந்தோம். அவர் கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து முட்டியில் வைத்துப் பார்த்தார். "அப்ப இந்த ஏத்த எறக்கம்? மழைக்குக் கொறஞ்சது? அது எப்படி வந்துச்சு?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "நாந்தாம்மா. தோணுன மாதிரி ஊத்துனேன்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "மங்குல இருந்ததத்தான் குறிச்சேன். ஒரு பொய் எழுதலம்மா," என்றார். அது உண்மை. கிராணியார்தான் அருகில் வந்து, இந்தச் சோதனை அந்தச் சோதனை இல்லை என்று பெண்களுக்கு விளக்கினார். லட்டை யாரும் எடுக்கவில்லை. டாக்டர் யாரையும் திட்டாமல், எழுந்து, ஒவ்வொருத்தியிடமும் எத்தனை குவளை என்று மறுபடி கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது: "வாயத் தொறக்காத. ஒம் பேரு எங்கயும் வரக்கூடாது." எனக்கும் பயம்தான். ஒரு சோதனையில் ஏமாற்றியவன் என்று தெரிந்தால் என் சோதனை முடிவையும் அடித்துவிடுவார்கள் என்று நம்பினேன். பன்னிரண்டு வயதில் எனக்கும் அந்த இரண்டு சோதனையும் ஒன்றாகத்தான் இருந்தன.

கூட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று டாக்டர் தானே எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்திருக்கவேண்டும். அவருக்கு ஓய்வு பெற இரண்டரை வருடம் இருந்தது. மறுபடி முதலிலிருந்து, ஒரு வருடம் ஓய்வு, ஒன்றரை வருடம் குறிப்பு என்று செய்ய அது சரியாகப் போதும். புதிய மரங்களைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆனால் அலுவலகத்தில் யாருக்கோ சந்தேகம் வந்தது. எண் மட்டும் எழுதத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பெண் தோன்றிய மாதிரி ஊற்றினால் இப்படி அழகாக ஏறி இறங்கும் கணக்கு வராது. இதில் படித்த கை ஒன்று இருக்கிறது. அது டாக்டருடைய கைதான், பழியைப் படிக்காதவர்கள்மேல் போடுகிறார் என்று பேச்சானது. விசாரணை முடியும்வரை புதிய வேலை எதையும் தொடக்கூடாது என்றார்கள். பத்து மாதம் அவரை அழைத்து அழைத்துக் கேட்டார்கள். அம்மாவையும் இரண்டு முறை காடி அனுப்பிக் கூட்டிப்போனார்கள். இரண்டு முறையும் அம்மா "நாந்தான்" என்றார், அவர்கள் நம்பவில்லை. முடிவில் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று விட்டுவிட்டார்கள். தோட்டத்துப் பெண்கள் இனி எதையும் குறிக்க வேண்டாம் என்றும் ஓர் உத்தரவு வந்தது. வியாழக்கிழமை வகுப்பு அதோடு நின்றது. டாக்டருக்கு மிச்சமிருந்தது ஒரு வருடம் எட்டு மாதம். இரண்டரை வருட வேலையை அதற்குள் அடைக்க முடியாது. அவர் மறுபடி தொடங்கவே இல்லை.

இப்போது நாலாம் நம்பர் காடு இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு அதுவும் ஆளுயரத்துக்குமேல் வளர்ந்துவிட்டது. ஸ்டோரைத் தகரத்துக்காகப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் திரும்புகின்றன. ராக்காயி அக்கா மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டார், மண்டோர் சின்னையா காலமாகிவிட்டார். நான் அலோர் ஸ்டாரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஆய்வுக்கூடத்தில் பாடநூலில் உள்ள விடை வரும்வரை எண்ணைத் திருத்தித் திருத்தி எழுதுகிற மாணவன் வருடத்துக்கு நாலு பேராவது அகப்படுகிறான். மற்ற ஆசிரியர்கள் திட்டுகிற மாதிரி என்னால் திட்ட முடிவதில்லை. இன்னொருமுறை செய்துவா என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் வாடகைக்கு இருப்பது மெர்கோங்கில். டாக்டர் அஞ்சலையின் வீடு என் வீட்டிலிருந்து மூன்று சாலை தள்ளி. இது தெரிந்தும் இரண்டு வருடம் போகாமல் இருந்தேன். போன மாதம் அம்மா என்னோடு தங்க வந்திருந்தபோது, அவரைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் போனோம். எழுபதைத் தாண்டியவர், பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்தே "லெட்சுமியா?" என்றார். டீ போட்டுக்கொடுத்தார். என்ன வேலை செய்கிறேன் என்று என்னைக் கேட்டார். அறிவியல் என்றேன். பிறகு, அதற்குமேல் பொறுக்க முடியாமல், அந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். மழை நாளில் குறைத்தது, கோட்டில் சொட்டு விட்டது, ஆறு மரத்தை மலடாகவே விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எதுக்குடா இப்ப," என்றார் அம்மா.

டாக்டர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "எத்தன வயசு ஒனக்கு அப்ப?"

"பதினொண்ணு. முடியிறப்ப பன்னண்டு."

"நல்லா செஞ்சிருக்க," என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு தாளைத் திருத்திவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எங்களால ஒங்களுக்கு எவ்வளவும்மா நட்டம்? இன்னிக்காவது சொல்லிருங்க."

அவர் விரலை மடக்கினார். "மரத்துக்கு ஓய்வு விட்டது ஒரு வருசம். நீ குறிச்சது ஒன்றர வருசம். அது தெரிஞ்ச கணக்குத்தான் லெட்சுமி, அன்னிக்கே நான் கழிச்சிட்டேன். அதுக்கப்புறம் என்னக் கூப்பிட்டு வச்சுக் கேட்டது பத்து மாசம். அது யாரோட கணக்குன்னுதான் இவ்வளவு நாளாத் தெரியாம இருந்துச்சு." என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "அது ஒன்னோடது தம்பி. எல்லாம் சேத்து மூணு வருசம் நாலு மாசம்."